உடற்பருமன் அறுவை சிகிச்சையும் மருத்துவரின் பரிந்துரையும்

உடற்பருமனைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சையின் செலவு எந்தச் சூழலில் மருத்துவக் காப்பீட்டின் வரம்புக்குள் வரும் என்பதை, இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வரையறுத்துள்ளன. அறுவை சிகிச்சை மருத்துவரின் ஆலோசனைப்படி செய்யப்பட வேண்டும், செய்யப்படும் அறுவை முறைக்கு மருத்துவ நெறிமுறைகளின் ஆதாரம் இருக்க வேண்டும், நோயாளிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், உடற்பருமன் குறிப்பிட்ட அளவை எட்டியிருக்க வேண்டும் என்பன அந்நிபந்தனைகள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் முழுச் செலவும் நோயாளியின் தலையில்தான் விழும். மருத்துவரின் ஆலோசனை முதல் நிபந்தனையாக வைக்கப்பட்டிருப்பதால், அறுவை சிகிச்சையை விரும்பும் பலரும் அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டிய ஒரு கையெழுத்தாகவே பார்க்கின்றனர். ஆனால் மருத்துவத் துறையில் கடந்த 60 ஆண்டுகளில் திரண்டுள்ள அனுபவத்தைப் பார்த்தால், இந்த ஆதரவு ஒருநாள் கடிதத்தோடு முடிவதில்லை என்பதும், அறுவை அரங்கிலிருந்து திரும்பும் நோயாளியைப் பல ஆண்டுகள் கவனிக்கப்போகும் ஒருவரின் சம்மதமாகவே அதைக் கொள்ள வேண்டும் என்பதும் புலப்படும். கேட்பவரின் ஆயத்தமும் அதற்கேற்பவே அமைய வேண்டும்.

பிரிட்டனில் பொது மருத்துவரின் பரிந்துரையின்றி அரசுச் சுகாதாரச் சேவையின் எடை மேலாண்மைப் பிரிவுக்குள் நுழைவது கடினம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் பல, சிகிச்சையின் அவசியத்தை விளக்கும் கடிதத்தைக் கேட்பதோடு, மாதக்கணக்கில் மருத்துவக் கண்காணிப்பில் உணவுக் கட்டுப்பாடு இருந்ததற்கான சான்றையும் கேட்டு வந்துள்ளன. அத்தகைய கட்டாயக் காத்திருப்பால் நோயாளிக்குப் பயன் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை என்று அந்நாட்டு அறுவை மருத்துவர்களின் சங்கமே அதை எதிர்த்து வந்துள்ளது. தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறானது. விளம்பரத்தைப் பார்த்தவர், உறவினர் சொல்லக் கேட்டவர் என யாரும் எந்தப் பரிந்துரையும் இல்லாமல் நேரடியாக அறுவை மருத்துவரிடம் போய்விடலாம். அங்கே ஆலோசனை சொல்பவரும் அறுவை செய்பவரும் ஒருவரே. இதில் தவறு ஏதுமில்லை என்றாலும், அறுவை செய்வதால் வருமானம் இல்லாத, நோயாளியின் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்த ஒருவரின் கருத்து இந்த ஏற்பாட்டில் விடுபட்டுப்போகிறது. 2024 ஏப்ரலில் சென்னையில் இந்தச் சிகிச்சைக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தபோது, அரசு நடத்திய விசாரணைக்குப் பின் அம்மருத்துவமனையின் செயல்பாடு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. எந்த மருத்துவமனை, எத்தகைய அவசரகால வசதி, தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்ற கேள்விகளை நோயாளிக்காகக் கேட்கக்கூடியவர் பெரும்பாலும் குடும்ப மருத்துவரோ நீரிழிவு மருத்துவரோதான். சட்டம் கேட்காவிட்டாலும் அவரைத் தேடிப் போவதற்கு இதுவே போதிய காரணம்.

எண்களின் இடைவெளி

மருத்துவரும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் பார்ப்பது உடல் நிறை குறியீட்டெண்ணை. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் இந்த எண்ணைப் பேச்சு வழக்கில் பி.எம்.ஐ. என்கின்றனர். பெல்ஜியக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகையின் சராசரிகளை ஆராய உருவாக்கிய கணக்கு இது. 1972இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்த பிறகே மருத்துவத்தில் வேரூன்றியது. மக்கள் கூட்டத்தை அளக்கப் பிறந்த அளவுகோலைத் தனிமனிதருக்குப் பொருத்தும்போது, தசைக்கும் கொழுப்புக்கும் உள்ள வேறுபாட்டையோ கொழுப்பு உடலின் எப்பகுதியில் தங்கியுள்ளது என்பதையோ அது காட்டுவதில்லை.

இந்தக் குறை இந்தியர்களிடத்தில் மேலும் கூடுகிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஒப்பீட்டில், அவருக்கும் அவருடைய பிரிட்டிஷ் சகா ஜான் யுட்கினுக்கும் பி.எம்.ஐ. 22.3 என ஒன்றாகவே இருந்தும், யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 விழுக்காடாகவும் யாஜ்னிக்கின் உடல் கொழுப்பு 21.2 விழுக்காடாகவும் இருந்தது. குறைந்த எடையிலேயே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வதும், அதன் விளைவாக நீரிழிவும் இதய நோயும் முந்தி வருவதும் தெற்காசிய உடலின் இயல்பு என்பதால், இந்திய வல்லுநர் குழு 2009இல் உடற்பருமனின் தொடக்க எல்லையை 30இலிருந்து 25க்கு இறக்கியது. அறுவை சிகிச்சைக்கு, துணை நோய் உள்ளவருக்கு 32.5, இல்லாதவருக்கு 37.5 என்று வகுத்தது. துணை நோய் என்பது நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போல உடற்பருமனால் தோன்றும் அல்லது மோசமாகும் நோய். அதற்கு முன்பு உலகெங்கும் செல்வாக்குடன் இருந்தது அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனம் 1991இல் வகுத்த 35, 40 என்ற இணை. 2022இல் அமெரிக்க, பன்னாட்டு உடற்பருமன் அறுவை சிகிச்சைச் சங்கங்கள் கூடி அதை மாற்றி, துணை நோய் இல்லாவிட்டாலும் 35இலேயே பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5இலேயே இச்சிகிச்சையை முன்வைக்கலாம் என்றும் அறிவித்தன. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலும் தெற்காசியப் பின்னணி கொண்டவர்களுக்கு எல்லையை 2.5 புள்ளி குறைத்தே கணக்கிடுகிறது.

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் இந்தியக் காப்பீட்டு நிபந்தனை 1991ஆம் ஆண்டு எண்களிலேயே நிற்கிறது. பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35ஐ எட்டி, எளிய முறைகளால் எடை குறையாமற்போய், உடற்பருமனால் வந்த இதயத்தசை நோய், இதயத் தமனி நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு ஆகிய நான்கில் ஒன்றேனும் இருக்க வேண்டும். மூட்டு வலி, கொழுப்புக் கல்லீரல், சினைப்பை நீர்க்கட்டி, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை, மருத்துவ அறையில் எவ்வளவு கனமான காரணங்களாக இருந்தாலும், இப்பட்டியலில் இல்லை.

இந்த இடைவெளியின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள நீரிழிவு நோயாளிக்கு இந்திய வல்லுநர்களின் எல்லை 83.2 கிலோ, காப்பீட்டின் எல்லை 89.6 கிலோ. துணை நோய் இல்லாதவர் எனில் 96 கிலோவும் 102.4 கிலோவும். ஆக, 86 கிலோ எடையில் இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்காத ஒருவருக்கு அவருடைய மருத்துவர் மனமார ஆதரவு தந்தாலும் காப்பீட்டு நிறுவனம் மறுக்கும் நிலை உண்டு. தகுதி பெறுவதற்காக எடையைக் கூட்டிக்கொள்ளும் யோசனை இங்கே சிலருக்குத் தோன்றுகிறது. சர்க்கரையும் கல்லீரலும் ஏற்கெனவே தத்தளிக்கும் உடலில் அது மருத்துவத்துக்கு முற்றிலும் எதிரானது, எந்த மருத்துவரும் அதற்குத் துணைபோகக் கூடாது. மாறாக, அளவு சரியாக எடுக்கப்பட்டதா என்று பார்ப்பது முழுக்க நியாயமானது. 89.6 கிலோ எடையுள்ளவரின் உயரத்தை 160க்குப் பதிலாக 161 எனக் குறித்துவிட்டால் பி.எம்.ஐ. 34.6 ஆகக் குறைந்து விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். செருப்பைக் கழற்றி, சுவரோடு நிமிர்ந்து நிற்கவைத்து அளந்த உயரமும், தேதியோடு குறிக்கப்பட்ட எடையும் மருத்துவரின் பதிவேட்டில் இருக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துக் குறிப்பது நல்லது. ஆசியரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன.

சிகிச்சையைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவை

தான் கேட்பது என்னவென்று தெரிந்திருப்பவரின் வேண்டுகோளுக்கே மருத்துவர் செவிசாய்ப்பார். இந்தியாவில் இன்று பெருவாரியாகச் செய்யப்படுபவை இரண்டு வகைகள். ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலான பகுதி நீக்கப்பட்டு எஞ்சியது குழாய் வடிவில் விடப்படுகிறது. நீக்கியதை மீண்டும் பொருத்த முடியாது. பைபாஸ் வகைகளில், இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்று பிரிக்கப்பட்டு, உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் அடுத்த பகுதிக்குச் செல்லுமாறு குடல் இணைக்கப்படுகிறது. அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1960களின் நடுவில் தொடங்கிவைத்த இந்த இரண்டாம் வகை, 1994இல் நுண்துளை முறைக்கு மாறிய பிறகே பரவலாயிற்று. இரைப்பையைச் சுற்றிப் பட்டை கட்டும் முறை ஒருகாலத்தில் செல்வாக்குடன் இருந்து, இப்போது ஏறக்குறையக் கைவிடப்பட்டுவிட்டது.

இரைப்பை சிறுத்துவிடுவதால் உணவு குறைகிறது என்ற விளக்கம் பாதி உண்மையே. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஸ்லீவ் முறைக்குப் பின் குறைவதும், நிறைவுணர்வைத் தரும் ஜி.எல்.பி.-1 போன்ற குடல் ஹார்மோன்கள் பெருகுவதும் சேர்ந்தே மூளையின் பசிக் கணக்கை மாற்றுகின்றன. எடை கணிசமாகக் குறையும் முன்பே, சில நாள்களிலேயே பலருக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவரின் உடலிலோ எதிர்த்திசையில் வேலை நடக்கிறது. மெல்போர்னில் பிரியா சுமித்ரனும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களிடம் ஓராண்டு கழிந்த பின்னும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பாமல், இழந்த எடையை மீட்கும் பக்கமே சாய்ந்திருந்தன. ‘வாயைக் கட்டினால் போதாதா’ என்று வீட்டாரும், சில நேரங்களில் மருத்துவரும் கேட்கும் கேள்விக்கு உடலியல் தரும் விடை இது.

பலன்களைப் பொறுத்தவரை இரண்டு ஆய்வுகளேனும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்வீடனில் லார்ஸ் ஸ்யோஸ்ட்ரோம் தலைமையில் 4,000 பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டு நடந்த நெடுங்கால ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருந்ததை 2007இல் காட்டியது. பைபாஸ் செய்தவர்கள் பத்தாண்டு முடிவில் தொடக்க எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்த நிலையிலேயே இருந்தனர். கிளீவ்லாந்தில் 150 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு, ஸ்லீவ் செய்தவர்களில் 23 விழுக்காடு, பைபாஸ் செய்தவர்களில் 29 விழுக்காடு. இந்த எண்களை எதிர்ப்பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும்: அறுவைக்குப் பின்னும் பத்தில் ஏழு பேர் அந்த இலக்குக்கு வெளியே இருந்தனர். ‘ஆபரேஷன் செய்தால் சுகர் போய்விடும்’ என்ற எதிர்பார்ப்போடு வருபவரை மருத்துவர் தயக்கத்தோடு பார்ப்பது இதனால்தான்.

மருத்துவரின் தயக்கங்கள்

அந்தத் தயக்கங்களை எல்லாம் அறியாமை என்றோ உடற்பருமன் மீதான வெறுப்பு என்றோ ஒதுக்குவது சரியன்று. சில உண்மையிலேயே காலாவதியானவை. 1950, 60களில் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து இணைத்த பழைய அறுவைகள் கல்லீரல் செயலிழப்பையும் சிறுநீரகக் கற்களையும் தந்து கைவிடப்பட்டன. அந்தக் கெட்ட பெயர் இன்றைய முறைகளின் மேலும் படிந்துள்ளது. அமெரிக்காவின் பத்து மையங்களைச் சேர்த்து நடந்து 2009இல் வெளியான ஆய்வில், முதல் 30 நாள்களில் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர். வேறு பல வழக்கமான வயிற்று அறுவைகளோடு ஒப்பிட்டால் இது அச்சமூட்டும் எண் அல்ல. ஆனால் ஸ்லீவ் செய்தவருக்கு நெஞ்செரிச்சல் மோசமாவதும், பைபாஸ் செய்தவருக்கு இனிப்பு உண்டதும் படபடப்பும் வியர்வையும் வருவதும், வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பைக் கற்கள் தோன்றுவதும், சில ஆண்டுகளில் எடையின் ஒரு பகுதி திரும்புவதும் உண்மையான பிரச்சினைகள். நெஞ்செரிச்சல் ஏற்கெனவே உள்ளவர் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால், எந்த வகை அறுவை என்ற தேர்வே மாறக்கூடும்.

எல்லாவற்றினும் கனமான தயக்கம் சத்துக் குறைபாடு பற்றியது. தமிழ்நாட்டில் இதற்குத் தனி அழுத்தமும் உண்டு. அறுவைக்குப் பின் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவைப்படும். சோறும் இட்லியும் தோசையுமே தட்டை நிரப்பும் வீட்டில், சில கவளங்களில் வயிறு நிறைந்துவிடும் ஒருவர் அந்த இடத்தை மாவுச்சத்துக்குக் கொடுத்துவிட்டால் புரதத்துக்கு இடம் இருக்காது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் முதலில், சோறு கடைசியில் என்று உண்ணும் வரிசையே மாற வேண்டும். மரக்கறி மட்டும் உண்பவர்களில் பலர் அறுவைக்கு முன்பே பி12 குறைபாட்டோடு இருப்பவர்கள்; இரைப்பை குறுகிய பின் அச்சத்து உட்கிரகிக்கப்படுவது மேலும் சரியும். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவையும் அப்படியே. உணவோடு ஒட்டி அருந்தும் காபியும் தேநீரும் இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கும் என்பதை மாதவிடாய் வரும் வயதில் உள்ள பெண்கள் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்குத் தயாமின் என்ற பி1 சத்து வற்றி மூளை நரம்புகள் பாதிக்கப்படலாம். அது அவசர நிலை. ஆயுள் முழுவதும் மாத்திரைகளும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் தவிர்க்க முடியாதவை என்பதால், ஓராண்டுக்குப் பின் சிகிச்சைத் தொடர்பை அறுத்துக்கொள்ளக்கூடியவர் என்று தோன்றும் நோயாளிக்கு மருத்துவர் ஆதரவு தர மறுத்தால் அதில் நியாயம் உண்டு.

மனநலம் பற்றிய கேள்விகளை அவமதிப்பாகக் கொள்வோர் பலர். கட்டுப்பாடின்றி உண்ணும் பழக்கம், மனச்சோர்வு, மதுப் பழக்கம் ஆகியவற்றைப் பற்றி மருத்துவர் கேட்பதற்கு அடிப்படை உண்டு: பைபாஸுக்குப் பின் மது இரத்தத்தில் வேகமாக ஏறுகிறது, இரண்டாம் ஆண்டிலிருந்து மது அடிமைத்தனம் கூடுவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன, தற்கொலை எண்ணமும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் ஒரு சிறு பிரிவினரிடம் அதிகரிப்பதும் அறியப்பட்டதே. மன அழுத்தம் இருப்பது தானாகத் தகுதியிழப்பு ஆகாது. சிகிச்சை பெறாமல், சொல்லாமல் மறைப்பதே ஆபத்து. தமிழ்க் குடும்பங்களில் இன்னொன்றும் சேர்கிறது. திருமணம் தள்ளிப்போகிறது என்பதற்காகப் பெற்றோரால் அழைத்துவரப்படும் இளம்பெண்ணிடம் மருத்துவர் சிறிது நேரமாவது தனியாகப் பேசியறிய வேண்டியது, விருப்பம் யாருடையது என்பதைத்தான். பிள்ளைப்பேறு பற்றிய திட்டமும் அங்கேயே பேசப்பட வேண்டும். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பதைத் தவிர்க்கச் சொல்கின்றனர், அதே காலத்தில் எடை குறைவதால் கருத்தரிக்கும் வாய்ப்போ கூடுகிறது.

புதிய மருந்துகளும் இந்தப் பேச்சின் பகுதியாகிவிட்டன. டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், உடற்பருமனுக்கான செமாகுளூடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பெரிய ஆய்வுகளில் செமாகுளூடைடு சராசரியாக 15 விழுக்காடு எடையையும், டிர்செபடைடின் உச்ச அளவு 20 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும் குறைத்தன. செமாகுளூடைடு ஊசியை நிறுத்தி ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியதும் பதிவானது. ‘முதலில் ஊசியை முயலலாம்’ என்று மருத்துவர் சொன்னால் அது தட்டிக்கழிப்பு ஆகாது. அதற்கு எவ்வளவு காலம், என்ன இலக்கு, எட்டாவிட்டால் அடுத்து என்ன என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

கோப்பும் சந்திப்பும் கடிதமும்

வெளிநோயாளர் வரிசையில் சில நிமிடங்களே கிடைக்கும் மருத்துவரிடம், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது இந்தப் பேச்சை எடுப்பது வீண். இதற்கெனத் தனி நேரம் கேட்டு, பிற்காலத்தில் உணவையும் மாத்திரையையும் கவனிக்கப்போகும் குடும்பத்தவர் ஒருவரோடு செல்வது ஏற்றது. கையில் இருக்க வேண்டிய கோப்பின் உயிர்நாடி எடை வரலாறு: எந்த வயதில் எவ்வளவு இருந்தது, எந்த மகப்பேற்றுக்குப் பின், எந்த மருந்து தொடங்கிய பின் கூடியது என்பது ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை என்பதாலும், தைராய்டு குறைபாடு, குஷிங் நோய் போன்ற ஹார்மோன் கோளாறுகளை முதலில் விலக்க வேண்டியிருப்பதாலும் இந்த ஒரு பக்கம் மருத்துவருக்கு அரும்பயன் தரும்.

முன்பு செய்த முயற்சிகளின் பதிவே காப்பீட்டு நிறுவனம் துருவிப் பார்க்கும் பகுதி. நோயாளிகளிடம் மிகவும் நலிந்திருக்கும் பகுதியும் அதுதான். பேலியோ, இடைவெளி விரதம், நடைப்பயிற்சி, ஜிம், லேகியம் என எல்லாம் செய்து பார்த்திருப்பார்கள். காகிதத்தில் எதுவும் இருக்காது. உணவு ஆலோசகரின் சீட்டு, உடற்பயிற்சிக் கூடத்தின் ரசீது, தேதியிட்ட எடைக் குறிப்புகள் ஆகியவை இல்லாதவர், மருத்துவரின் கண்காணிப்பில் சில மாத முயற்சி ஒன்றை இப்போதே தொடங்குவது இரு வகையில் உதவும்: முயற்சி பலித்தால் அறுவையே வேண்டாமற்போகலாம், பலிக்காவிட்டால் ‘எளிய முறைகள் பயனளிக்கவில்லை’ என்ற நிபந்தனைக்குச் சான்று கிடைக்கும். நாட்டு மருந்துகளை மறைக்கவே கூடாது; உலோகங்களோ ஸ்டீராய்டோ கலந்த பொடிகள் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதித்திருக்கக்கூடும்.

துணை நோய்களை ‘சுகர் இருக்கிறது’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வதைக் காட்டிலும், கடந்த ஓராண்டின் எச்பிஏ1சி அறிக்கைகளும் அக்காலத்தில் எடுத்த மருந்துகளின் அளவும் அருகருகே இருப்பது வலுவானது. சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை என்பதை நிறுவுவது இந்த இணைப்புதான். குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர், உறக்கத்தின்போது மூச்சு எத்தனை முறை நின்றுபோகிறது என்பதை அளக்கும் ‘ஸ்லீப் ஸ்டடி’ பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். காப்பீட்டுக்குக் கடுமையான மூச்சுத்தடை ஒரு தகுதி. மயக்க மருந்தியலருக்கோ அது தவறாமல் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்து. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை வழக்கமாக உண்பவர் அதைச் சொல்ல வேண்டும். பைபாஸுக்குப் பின் அவை புண்ணை உண்டாக்குவதால் மாற்று வழி தேவைப்படும். புகைப்பவர், நிறுத்திய தேதியோடு வந்தால் அதுவே அவருடைய உறுதிக்கு முதல் சாட்சி.

மருத்துவர் எழுதும் கடிதத்தில் உயரம், எடை, பி.எம்.ஐ. ஆகியவை அளந்த தேதியோடும், ஒவ்வொரு துணை நோயும் அதன் காலம், பரிசோதனை மதிப்பு, தற்போதைய மருந்து ஆகியவற்றோடும், முந்தைய முயற்சிகள் அவற்றின் காலத்தோடும் விளைவோடும் இடம்பெற வேண்டும். அழகுக்காக அன்றி நோய்க்கான சிகிச்சையாகவே அறுவை அறிவுறுத்தப்படுகிறது என்பதும், பின்கண்காணிப்பை யார் ஏற்கிறார் என்பதும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். இல்லாத மூச்சுத்தடையைக் ‘கொஞ்சம் கடுமையாக’ எழுதித் தரும்படி கேட்பது மருத்துவரைக் குற்றத்துக்கு அழைப்பதாகும். மருத்துவமனைப் பதிவோடு அது முரண்பட்டால் இழப்பீடு முழுவதும் மறுக்கப்படும். கடிதத்துக்கு முன்பே பாலிசியைப் படிப்பதும் அவசியம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பு 2024இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. பல பாலிசிகளில் இந்த அறுவைக்கெனத் தனிக் காத்திருப்பும் தொகை வரம்பும் உண்டு. காப்பீடே இல்லாதவர்கள், சென்னையின் அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டு வந்துள்ளதை நினைவில் வைத்து அங்கே விசாரிக்கலாம்.

ஆதரவு கிடைத்த பின் மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர்: அறுவை முடிந்த வாரத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை யார் குறைப்பார்? உணவு திடீரெனச் சுருங்கிய உடலில் பழைய அளவு இன்சுலின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அறுவை மருத்துவர் ஓர் ஊரிலும் நீரிழிவு மருத்துவர் வேறோர் ஊரிலும் இருக்கும் நிலையில், இருவரும் ஒருமுறையேனும் தொலைபேசியில் பேசிக்கொள்ள வழிசெய்வது பெரிய மருத்துவமனையின் பெயரைக் காட்டிலும் மேலான பாதுகாப்பு.

மருத்துவர் மறுத்தால், மறுப்பு எதன் மீது நிற்கிறது என்று பணிவாகக் கேட்க வேண்டும். இதய நிலை, கல்லீரல் சுருக்கம், கட்டுப்படாத மனநோய், தொடரும் மதுப் பழக்கம் என்பன போன்ற மருத்துவக் காரணம் எனில், எது மாறினால் மறுபரிசீலனை செய்வார் என்பதையும் கேட்கலாம். ‘மனக்கட்டுப்பாடு போதாது’ என்பதே காரணம் எனில், வேறு மருத்துவரின் கருத்தை நாடுவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. அப்படி நாடுவதற்குப் பதிவுகள் தேவை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியாக இருந்தவரின் பதிவுகள் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவை தரப்பட வேண்டும். மூன்றாண்டுக்கு முந்தியவற்றை மருத்துவமனை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவர் அவற்றை இப்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.